முதல் கஞ்சி சட்டிக்கு

அந்தக் காலத்தில் பூனை பேசியது, மாடு பேசியது, சட்டியும் பேசியது. பூனை பேசியது என்றால் தலையாட்டிக் கேட்கிறவர்கள், சட்டி பேசியது என்றதும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தவளையோடும் கொக்கோடும் ஏரிக்குள் அத்தனை காலம் கிடந்த மண்ணுக்கு நாலு வார்த்தை பேச வராதா என்ன? ஆனால் சட்டி கொஞ்சம் கூச்ச சுபாவம். ஆள் நடமாட்டம் இருந்தால் வாயைத் திறக்காது. அதனால் அதற்குப் பேச்சு உண்டு என்பதே பல பேருக்குத் தெரியாமல் இருந்தது.

அப்போது ஒரு பெரிய ஏரிக்கரையில் அய்யாக்கண்ணு என்று ஒரு குயவர் இருந்தார். அவருக்கு ஒரே மகள், கொளஞ்சி. ஏரிக்கரை ஊரில் எல்லாமே மண்சட்டிதான். ஆக்குவது சட்டியில், மூடுவது மண்மூடியால், சாப்பிடுவது மண்தட்டில், குடிப்பது கலயத்தில். சூளையிலிருந்து எடுத்த சட்டியைத் தூசி தட்டி அப்படியே அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். குழம்பில் ஓர் அகப்பை குறைந்தாலும் அந்த ஊரில் எவருக்கும் தெரியாது. ஏரி நிறைய மீன், வாய்க்கால் நிறையத் தண்ணீர். இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டால் போயிற்று.

மலையடிவாரத்திலிருந்து தேன் விற்க வந்த வேங்கையன் என்பவன் ஒருநாள் கொளஞ்சியைப் பார்த்தான். பார்த்த இடத்திலேயே தேனை மறந்துவிட்டு நின்றான். எறும்பு வந்து பாதித் தேனைத் தின்று முடித்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. அவளும் அதைப் பார்த்துச் சிரித்தாள். இப்படித் தொடங்கிய கதை கல்யாணத்தில்தானே முடியும்? முடிந்தது.

அய்யாக்கண்ணுவுக்கு ஒரே ஒரு கவலை. "அந்த ஊர்ல தட்டு கிடையாதாமே, எல போட்டுச் சாப்பிடுறாங்களாம். எம்மவ எப்படிச் சாப்பிடுவா?" என்று புலம்பினார். கல்யாணத்தன்று காலையில்கூடச் சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரிய சட்டி, சின்னச் சட்டி, கலயம், தட்டு என்று ஒரு வண்டி நிறைய அடுக்கி, இடையிடையே வைக்கோலைத் திணித்து, மகளோடு சீராக அனுப்பினார். வண்டி மலையடிவாரம் போய்ச் சேரும்வரை அந்தச் சட்டிகளில் சூளைச் சூடு ஆறவில்லை.

மலையடிவாரம் வேறு மாதிரி ஊர். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் சில வீடுகள், கீழே ஓர் ஓடை, மேலே வானம் பார்த்த சாமைக்காடு. சமையல் எல்லாம் கல்லைக் குடைந்த பானையில். சாப்பாடு தேக்கிலையில். சோற்றை இலையில் போட்டுக் குழம்பை ஊற்றினால், குழம்பு முழங்கையைப் பார்த்து ஓடும். அதை நக்கிப் பிடிப்பதற்குள் பாதிச் சாப்பாடு முடிந்துவிடும். எதையும் அளந்துதான் ஆக்குவார்கள், அளந்துதான் ஊற்றுவார்கள். ஆளுக்கு ஓர் அகப்பைக் குழம்பு. அதற்கு மேல் கேட்கிறவரும் இல்லை, கொடுக்கிறவரும் இல்லை.

அந்த அகப்பை வேங்கையனின் அம்மா காராயியிடம் இருந்தது. கெட்டவள் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பஞ்ச காலத்திலும் தன் வீட்டில் ஒருவரைப் பட்டினி போடாதவள். அவள் அளவுக்கு மேல் ஒரு கொள்ளுப் பருப்பு அந்த வீட்டு அடுப்புக்குப் போனதில்லை, அவ்வளவுதான்.

புதுப்பெண் வாசலில் கால் வைத்ததும் அவள் கையில் அகப்பையைக் கொடுத்து அடுப்படிக்கு அனுப்புவது அந்த ஊர் வழக்கம். அகப்பை பிடிக்கிற அழகிலேயே பெண்ணின் குணம் தெரிந்துவிடுமாம். வெயிலில் அத்தனை தூரம் வந்தவளுக்குப் பசிக்குமா, தாகம் எடுக்குமா என்று கேட்பது வழக்கத்தில் இல்லை. கொளஞ்சியும் கேட்காமல் அகப்பையை வாங்கிக்கொண்டாள். வைக்கோலைப் பிரித்து, அப்பா கொடுத்த பெரிய சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"குழம்பு ஓடாத தட்டாமே" என்று பக்கத்து வீட்டார் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். காராயிக்கும் உள்ளுக்குள் ஆசைதான். கொள்ளை அளந்து கொடுத்தாள், புளியை அளந்து கொடுத்தாள், தண்ணீரை அளந்து ஊற்றினாள். குழம்பு கொதித்து இறங்கியது. வாசனை ஓடைவரை போனது. ஆனால் பரிமாறும்போது, கடைசியாகச் சாப்பிட வேண்டிய கொளஞ்சிக்கு அகப்பை சட்டியின் அடியைச் சுரண்டியது. ஒன்றுமில்லை. வெறும் சாமைச்சோற்றை உப்புப் போட்டுச் சாப்பிட்டாள். புது இடம் அல்லவா, வாய் திறக்கவில்லை.

மறுநாள் வேங்கையனுக்கே குழம்பு குறைந்தது. அதோடு போயிற்றா? தட்டில் ஊற்றிய குழம்பும் மாயமானது. சோற்றைப் பிசைய அவன் கையை வைத்தால், தட்டில் ஈரம்தான் இருந்தது.

"ஏம்மா, ஊத்துனியா இல்லையா?" என்று காராயி கேட்டாள்.

"ஊத்துனேனே அத்தை. நீங்களும்தான பாத்தீங்க?"

"பாத்தேன். அதான் எனக்கும் புரியலை."

முதலில் பழி பூனைமேல் விழுந்தது. அடுப்பு மூலையில் படுத்திருந்த கிழட்டுப் பூனை எழுந்து உட்கார்ந்து, காராயியை மேலும் கீழும் பார்த்தது.

"கொள்ளுக் குழம்பா? நானா? ஏன் தாயீ, உலகத்துல எந்தப் பூனையாவது கொள்ளு திங்குமா? மீனைக் காணோம்னு சொல்லு, ஒத்துக்கறேன். கொள்ளைத் திருடுனேன்னு சொல்லி என் சாதி மானத்தை வாங்காத."

அதுவும் நியாயம்தான். அப்படியானால் அடுப்படியில் மிச்சம் இருப்பது யார்? காராயியின் கண் மெல்ல மருமகள் பக்கம் திரும்பியது. திரும்பிய கண் பிறகு விலகவே இல்லை. "பசிச்சாக் கேக்கறதுதான? ஒளிச்சுத் திங்கணுமா?" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கொளஞ்சிக்கு முகம் செத்துப்போயிற்று. திருடி என்று இதுவரை யாரும் அவளைச் சொன்னதில்லை. வேங்கையன் குறுக்கே வந்து, "எனக்கு இப்பல்லாம் பசியே எடுக்கறதில்லம்மா. என் பங்குல குறைஞ்சாக் குறைஞ்சுட்டுப் போவுது" என்றான். அந்த நேரம் பார்த்து அவன் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. நல்ல பிள்ளை, பொய் சொல்ல மட்டும் தெரியாது.

"உன் வயித்தைவிட ஊர் வாய் பெருசுடா" என்றாள் காராயி. "நாளைக்குப் புது அறுப்புச் சாமைச் சோறு, இந்த வருசம் நம்ம முறை. ஊரே நம்ம வாசல்ல உக்காரும். நம்ம வீட்ல வந்து உக்காந்தவனுக்கு ஓர் அகப்பை குறைஞ்சா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நடப்பேன்? நாளைக்கும் குறைஞ்சா, இந்தப் புள்ளையும் சட்டியும் வந்த வண்டியிலயே ஏரிக்கரைக்குப் போகட்டும். கோவமாச் சொல்லலை. முடிவாச் சொல்றேன்."

சொல்லிவிட்டு, அன்று கொளஞ்சிக்குச் சோறு வைக்காமல், சோறு வடித்த கஞ்சியை மட்டும் ஒரு சொம்பில் வைத்துவிட்டு, மறுநாள் சோற்றுக்கு ஊரை அழைக்கப் போய்விட்டாள்.

பொழுது சாய்கிற நேரம். கொளஞ்சி சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போனால் அப்பா ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த மனிதர் பார்த்துப் பார்த்து வனைந்த தட்டுகளோடு, திருடி என்ற பெயரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்குவதா? வேங்கையனை விட்டுவிட்டுப் போவதை நினைக்கவும் பயமாக இருந்தது.

பூனை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "இங்க பாரு. உன்மேல பழி வர்றதுக்கு முன்னாடி என்மேல வந்துச்சு. அது இன்னும் முழுசாப் போகலை. அதனால நான் கண்ணை மூடாம இந்தச் சட்டியையே பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு சத்தம் கேக்குது. நீ கொஞ்சம் தண்ணி ஊத்தேன்."

கொளஞ்சி கையில் கொஞ்சம் தண்ணீரை எடுத்துப் பெரிய சட்டியில் விட்டாள். பூனை காதைச் சட்டியோடு ஒட்டி வைத்தது. அவளும் வைத்தாள். ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். உள்ளே குட்டிக் குட்டியாய்க் குமிழி வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரைக் காணோம்.

"பாத்தியா?" என்றது பூனை. "குடிக்குது!"

கொளஞ்சிக்கு வந்த கோபத்தில் சட்டியைத் தூக்கிவிட்டாள். போட்டு உடைத்திருப்பாள். அப்போதுதான் கையில் இருந்த சட்டி பேசியது.

"அக்கா, போட்டுடாத."

அவள் சட்டியை முகத்துக்கு நேரே பிடித்தாள். "யாரு அக்கா? நீயா என் பங்கையெல்லாம் குடிச்ச?"

"நான்தான். நாங்க எல்லாரும்தான். தட்டும்கூட. அப்பா கையால வந்தவங்கதான நாம எல்லாரும்? அதான் அக்கான்னு கூப்பிட்டேன். தப்புன்னா கூப்பிடலை."

கொளஞ்சி சட்டியைக் கீழே வைத்தாள். "ஏன் குடிச்ச?"

"ஏரியில கெடந்தவரைக்கும் எனக்குத் தாகம்னா என்னன்னே தெரியாது அக்கா. அப்பா வெட்டி எடுத்தார். மிதிச்சார், பிசைஞ்சார், சக்கரத்துல வெச்சுச் சுத்துனார். அதெல்லாம்கூட ஒண்ணும் இல்ல. அப்புறம் வெயில்ல காயவெச்சார். சூளையில வெச்சார். சூளை எப்படி இருக்கும்னு உனக்கு வெளியில இருந்துதான் தெரியும். உள்ள இருந்தா ஒடம்புல ஒரு சொட்டு ஈரம் நிக்காது. வெளிய வந்ததும் ஒரு வாய் தண்ணி குடுப்பாங்கன்னு பாத்தேன். வைக்கோலைச் சுத்தி வண்டியில ஏத்திட்டாங்க. வண்டியில இருந்து எறக்குன கையோட அடுப்புல ஏத்திட்டாங்க. யாரும் கேக்கவே இல்ல. எனக்கு ஒடம்பு பூரா வாய். குழம்பு வந்து விழுந்தா நான் என்ன செய்வேன்? திருடணும்னு குடிக்கலை அக்கா."

கொளஞ்சி சட்டியின் விளிம்பைத் தடவினாள். அவளும் அதே வண்டியில் வந்தவள்தான். அவளையும் இறக்கிய கையோடு அடுப்படிக்குத்தான் அனுப்பினார்கள். அவளையும் யாரும் கேட்கவில்லை. இதுவரை அதை அவள் ஒரு குறையாக நினைத்ததுகூட இல்லை. இப்போது சட்டி சொன்ன பிறகு, கண் நிறைந்துவிட்டது.

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"நீ கேட்டியா, உங்க அத்தைகிட்ட?" என்றது சட்டி.

அழுகிற நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்தாள். தன் பங்காக இருந்த அந்தச் சொம்புக் கஞ்சியை எடுத்தாள். அவ்வளவுதான் அன்று அவளுக்குச் சாப்பாடு. அதை அப்படியே சட்டியில் ஊற்றினாள். ஸ்ஸ்ஸ் என்று சட்டி குடித்தது. குழந்தை குடிப்பதைப் பார்க்கிற மாதிரி அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா?"

"பொய் சொல்லட்டுமா, நெசம் சொல்லட்டுமா?"

"நெசம் சொல்லு."

"போதாது."

பூனை ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து போய், தன் கொட்டாங்குச்சியை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தது. அதில் அதன் பங்குக் கஞ்சி இருந்தது. "எடுத்துக்க. ஒரு நாள் பட்டினியில பூனை செத்துடாது. பேரு கெட்டாத்தான் செத்துடும்." தொழுவத்தில் மாட்டுக்காகச் சாமை களைந்த கழுநீர் வைத்திருந்தது. கொளஞ்சி தயங்கித் தயங்கிப் போய் மாட்டிடம் கேட்டாள். மாடு அசைபோட்டுக்கொண்டே, "தாகம்னு வந்தவங்ககிட்ட என்ன கேள்வி? எடுத்துட்டுப் போ" என்றது. அந்தக் கழுநீரில் சட்டி விளிம்புவரை நிறைந்து, அப்புறம்தான் அதன் சத்தம் அடங்கியது.

ஆனால் ஊருக்கே வைக்க வேண்டிய தட்டுகள் அடுக்கடுக்காகக் கிடந்தனவே? அந்த நேரத்தில் வேங்கையன் காட்டிலிருந்து வந்தான். கொளஞ்சி நடந்ததைச் சொன்னாள். அவன் சட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை, காதை வைத்துக் கேட்கவில்லை. "தட்டெல்லாத்தையும் கூடையில அடுக்கு" என்றான். தலையில் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய், தட்டுகளையும் கலயங்களையும் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் கிடத்தினான். அன்று ஓடை முழுக்கக் குமிழியாக இருந்ததென்று அங்கிருந்த நண்டுகள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தன.

அவன் அங்கே இருக்க, இங்கே காராயி திரும்பி வந்தாள். வந்தவள் கண்டது என்ன? மருமகளுக்கு வைத்த கஞ்சி சட்டியில், பூனைக்கு வைத்த கஞ்சி சட்டியில், மாட்டுக் கழுநீரும் சட்டியில்.

"என்ன புள்ள இது?"

"சட்டிக்குத் தாகம் அத்தை. அதான் குடிச்சிருக்கு. நாளைக்குக் குடிக்காது."

காராயி சட்டியைப் பார்த்தாள். "வாய் இருந்தா அதே சொல்லட்டும்."

கொளஞ்சி சட்டியைப் பார்த்தாள், பூனையும் பார்த்தது. சட்டி கம்மென்று இருந்தது. கூச்சம் பாதி, காராயியிடம் இருந்த பயம் பாதி. "பேசேன் சனியனே" என்று பூனை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. சட்டி பேசவில்லை.

"சரி. நாளைக்குப் பாப்போம்" என்றாள் காராயி. அவள் கத்தியிருந்தால்கூடக் கொளஞ்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விடிந்ததும் கொளஞ்சி கஞ்சியைக் கொட்டிக் கழுவிச் சட்டியை அடுப்பில் வைத்தாள். சூளையிலிருந்து வந்தபோது வெளுத்துக் கிடந்த சட்டி, இப்போது நல்ல செம்பழுப்பாக, வயிறு நிறைந்த களையோடு இருந்தது. கொள்ளும் புளியும் காராயி அளந்த அளவுதான், தண்ணீரும் அவள் அளந்த அளவுதான்.

ஊர் வந்து வாசலில் வரிசையாக உட்கார்ந்தது. ஓடையில் ஊறிய தட்டுகளை வேங்கையன் எல்லாருக்கும் வைத்தான். கொளஞ்சி ஆளுக்கு ஓர் அகப்பை ஊற்றிக்கொண்டே போனாள். காராயி பின்னாலேயே வந்தாள். ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்று கொளஞ்சி மூச்சைக்கூட அடக்கி ஊற்றினாள். முதலில் உட்கார்ந்திருந்த கிழவர் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ஊத்துனது ஊத்துன மாதிரியே நிக்குதே!" என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. குழம்பு ருசியாக இருந்தால் ஊர் பேசாது. முழங்கைக்கு வேலை இல்லாமல் போனது அன்றுதான்.

வரிசையின் கடைசி ஆளுக்கும் ஓர் அகப்பை விழுந்தது. காராயி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இன்னும் ஓர் அகப்பைக் குழம்பு மிச்சம் இருந்தது. மருமகளின் பங்கு.

காராயி அந்தக் குழம்பையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் சொன்ன சொல்லையெல்லாம் மனதுக்குள் திருப்பிப் பார்த்திருப்பாள் போல. பிறகு, அந்த வீட்டு வாசலில் அதுவரை யாரும் ஒரு புதுப்பெண்ணிடம் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் மாமியாரை விட்டுக்கொடுக்க எந்த மருமகளுக்கு மனசு வரும்? "ஆச்சு அத்தை" என்றாள் கொளஞ்சி.

"பொய்!"

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். குரல் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவிலிருந்து வந்தது. சட்டி பேசியது. கூச்சத்தில் குரல் நடுங்கியது, ஆனாலும் பேசியது.

"அவ பொய் சொல்றா, அத்தை. நேத்துல இருந்து அக்கா வயித்துல ஒண்ணும் இல்ல. அவ கஞ்சியத்தான் நான் குடிச்சேன். தாகத்துல இத்தனை நாளும் குழம்பைக் குடிச்சதும் நான்தான். அவமேல ஒரு தப்பும் இல்ல. அனுப்பறதா இருந்தா என்னை மட்டும் அனுப்புங்க. அவளுக்கு முதல்ல சோறு போடுங்க."

காராயி கொளஞ்சியின் கையைப் பிடித்து, ஊருக்கு நடுவில் உட்காரவைத்தாள். ஒரு தட்டை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்தாள். சோற்றை அளக்காமல் போட்டாள். மிச்சமிருந்த குழம்பை அகப்பையால் எடுக்காமல், சட்டியையே சாய்த்து ஊற்றினாள். முதல் வாயைத் தானே பிசைந்து ஊட்டினாள். கண்ணீர் நிற்கவில்லை அவளுக்கு.

"நான் இந்த வீட்டுக்கு வந்தப்பவும் யாரும் கேக்கலைம்மா. அதுதான் வழக்கம்னு இருந்துட்டேன்" என்றாள். "பசியோட வந்ததை வேலைக்கு அனுப்புனா, அது பாவம் என்ன பண்ணும்? புதுசா வர்றது எதுவா இருந்தாலும், முதல்ல அது வயிறு நெறையணும். அப்புறம்தான் அடுப்பு."

இந்தப் பேச்சு வண்டியேறி ஏரிக்கரைக்கும் போனது. அய்யாக்கண்ணு கேட்டுவிட்டு, சூளையிலிருந்து எடுத்து வைத்திருந்த சட்டிகளுக்கெல்லாம் முதலில் தண்ணீர் ஊற்றினாராம். அதற்குப் பிறகு சட்டி விற்கும்போதெல்லாம், "வீட்டுக்குக் கொண்டுபோனதும் கஞ்சி ஊத்தி வைம்மா" என்று சொல்லாமல் அவர் ஒரு சட்டிகூடக் கொடுத்ததில்லை.

சட்டி அதற்கப்புறம் பேசவில்லை. சொல்ல வேண்டியதை ஊர் முன்னால் சொல்லிவிட்டது, இனி என்ன பேச்சு என்று நினைத்திருக்கலாம். பூனைக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை விட்டுப்போகவில்லை. சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று சட்டிக்குள் முகத்தை விட்டுப் பார்க்கிறது. நாம்தான் திருட வந்துவிட்டதென்று விரட்டுகிறோம். இவ்வளவு கதைக்குப் பிறகும் அதன் பெயர் கெட்ட பெயராகவே இருப்பது எனக்கு வருத்தம்தான்.

காராயி அப்படிச் சொன்ன அன்று முதல்தான், புதுச் சட்டி வாங்கினால் கழுநீரும் கஞ்சியும் ஊற்றி வயிறு நிறைய வைத்துப் பழக்கிவிட்டு அடுப்பில் ஏற்றுகிறோம், புதுப்பெண் வாசல் ஏறினால் வேறெதையும் கேட்பதற்கு முன்னால் பாலும் பழமும் கொடுக்கிறோம்.